வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் அக்கா வீட்டுக் கணினியில் எட்டு மாதங்களாகத் திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து போய்க்கொண்டிருந்தது. கணினி வாங்கும்போதே அதில் போட்டுத் தந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்துவிட்டது. "உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை, உடனே புதுப்பியுங்கள்" என்று அது தினமும் கேட்டது. அக்காவும் தினமும் அதை மூடினார். ஒரு நாள் அதே மூலையில், அதே சிவப்பில், கிட்டத்தட்ட அதே வாசகத்தோடு இன்னொரு பெட்டி வந்தது. அது ஒரு மோசடித் தளம் பிரவுசர் வழியாக அனுப்பிய நோட்டிஃபிகேஷன். சரி, இன்றைக்காவது இந்த வேலையை முடித்துவிடலாம் என்று அக்கா அதை அழுத்தி, வந்த பக்கத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டார்.

கார்டை முடக்கி, கணினியைச் சுத்தம் செய்ய எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் காதருகே கத்திக்கொண்டே இருந்தால் யாருக்கும் எது நிஜக் கூச்சல் என்று தெரியாமல் போய்விடும்.

ஆன்டிவைரஸ் பற்றி யார் கேட்டாலும் அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: வீட்டில் இருப்பவர்கள் எரிச்சலில் அணைத்துவிடாத, தேவையில்லாமல் வாய் திறக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வைரஸைப் பிடிக்கும் திறனில் முன்னணித் தயாரிப்புகளுக்குள் வித்தியாசம் மிகக் குறைவு. இந்தக் குணத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கீழே இருக்கும் படிகளை வரிசையாகச் செய்துகொண்டு வந்தால் ஒரு மாலை நேரத்தில் முடிவுக்கு வந்துவிடலாம்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதிதாக எதையும் தேடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டச்சு செய்து அதைத் திறங்கள். அதன் செட்டிங்ஸில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்று ஒன்று இருக்கும். இந்தக் கணினியில் ஆன்டிவைரஸாகப் பதிவாகியிருக்கும் எல்லாவற்றின் பெயரும், எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்ற விவரமும் அங்கே தெரியும். பலருக்கு இங்கேதான் ஆச்சரியம் காத்திருக்கும். தாங்கள் போட்டதே ஞாபகம் இல்லாத ஒன்று, காலாவதியான ஒன்று, ஏதோ இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று என்று இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் இயங்கினால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கும் என்பது தவறான எண்ணம். திறக்கப்படும் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் ஒரே சமயத்தில் பிடித்து இழுக்கும். ஒன்று தனிமைப்படுத்தி வைத்ததை மற்றது வைரஸ் என்று அலறும். கணினி தவழ ஆரம்பிக்கும். எப்போதும் இயங்கும் காவல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நாம் கேட்கும்போது மட்டும் தேடிப் பார்க்கும் ஸ்கேனர் ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்; மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அந்த வகை.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012-இலிருந்து விண்டோஸோடு ஆன்டிவைரஸும் சேர்ந்தே வருகிறது. இன்றைய பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். வேறொன்றை இன்ஸ்டால் செய்தால் இது ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஆக, வேறு எதுவும் போடாவிட்டால் கணினி வெறுமையாகக் கிடக்கிறது என்று பயப்பட வேண்டாம்.

அப்படியே விண்டோஸின் பதிப்பையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் (புதிய வைரஸ்களை இனம்காண உதவும் பட்டியல்) அதில் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டைகளை அந்த அடையாளங்கள் அடைக்காது. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற நச்சு மென்பொருள் இதற்கு நல்ல பாடம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. அப்டேட் செய்தவர்கள் அந்த ஓட்டையை முன்கூட்டியே மூடியிருந்தார்கள். அப்டேட் வராத விண்டோஸின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அது ஓட்டைப் பானையை மூடி வைப்பது மாதிரிதான்.

படி 2: கணினியில் யார் உட்காருகிறார்கள்

இதற்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். வீட்டில் யார் யார் இந்தக் கணினியைத் தொடுகிறார்கள், எதற்காக? ஒருவர் மட்டும், மின்னஞ்சல், வங்கி, வீடியோ என்று வைத்திருந்தால் ஒரு கதை. பத்து வயதுக் குழந்தை விளையாட்டுகளை இறக்கிக்கொண்டே இருந்தால் வேறு கதை. வெளியிலிருந்து நிறைய பென்டிரைவ் வந்து போகிற கணினியா? இணையம் அடிக்கடி இல்லாமல் போகிற இடமா? கணினி பழையதா, நினைவகம் குறைவா? இந்த ஐந்தாறு பதில்கள்தான் பிறகு வரும் எல்லா முடிவுகளையும் எடுத்துக்கொடுக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: அதில் எக்ஸ்ப்ரொடெக்ட், கேட்கீப்பர் என்று இரண்டு காவல்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. ஆப்ஸ்டோருக்கு வெளியே கண்டதையும் இறக்காதவர்களுக்குப் பெரும்பாலும் அவையே போதும். லினக்ஸில், விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபைல்களை அனுப்புகிறவர் என்றால் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸைப் போட்டு அவ்வப்போது ஸ்கேன் செய்தால் சரி. இனி வருவது பெரும்பாலும் விண்டோஸுக்கானது.

படி 3: உள்ளே இருப்பதை முதலில் முழுசாகப் பயன்படுத்துங்கள்

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அப்டேட் வந்துகொண்டிருக்கும் விண்டோஸ் 11, கொஞ்சம் நிதானமான ஆட்கள் என்றால், டிஃபெண்டரே போதும். அது விளம்பரம் காட்டாது, புதுப்பிக்கச் சொல்லிக் கேட்காது, காலாவதியும் ஆகாது. அக்கா கணினியில் இப்போது இருப்பது அதுதான். ஆனால் அதில் இருக்கும் நல்ல வசதிகள் சில, நாமாகப் போய்ப் பார்த்தால்தான் முழுசாகக் கிடைக்கும்.

'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதிக்குள் 'ரெபுடேஷன்' என்று தொடங்கும் அமைப்புகள் இருக்கும். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் யாரும் விரும்பாத டூல்பார், விளம்பர மென்பொருள் வகையறாவைத் தடுப்பதற்கான பொத்தான் அங்கேதான். அதை ஆன் செய்யுங்கள். வீட்டுக் கணினிகளில் நான் பார்த்த குப்பையில் பெரும்பகுதி இந்த வகைதான்.

'டேம்பர் ப்ரொடெக்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்த நச்சு மென்பொருள் முதலில் செய்யப் பார்ப்பது காவலை முடக்குவது; இது அதைத் தடுக்கும்.

அடுத்தது 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. ரான்சம்வேர் என்பது உங்கள் படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் வகை. இந்த வசதி ஆன் ஆகியிருந்தால், நம்பகமான மென்பொருள்கள் தவிர வேறெதுவும் அந்த ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. இது இயல்பாக ஆஃப் ஆகியிருப்பதற்குக் காரணம் உண்டு. சில சமயம் நல்ல மென்பொருளையும் தடுத்துவிடும். விளையாட்டில் எடுத்த புள்ளியைச் சேமிக்க முடியவில்லை என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். தடுக்கப்பட்ட மென்பொருளை ஒருமுறை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. முதல் வாரம் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் இந்தச் சிரமத்தைப் படலாம் என்பேன்.

இதோடு உங்களுக்கு வேலை முடிந்துவிட்டால் படி 6-க்குப் போய்விடலாம். குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடும் தள வடிகட்டலும் இன்னும் விரிவாக வேண்டும், இணையம் இல்லாமல் பென்டிரைவ் அதிகம் புழங்குகிறது, சிக்கல் வந்தால் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்ற மாதிரித் தேவைகள் இருப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 4: சோதனை அறிக்கைகளை வாசியுங்கள்

"டாப் 10 ஆன்டிவைரஸ்" என்று தலைப்பு வைத்து, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் வாங்கும் பொத்தான் வைத்திருக்கும் பக்கங்களில் பல, நீங்கள் வாங்கினால் கமிஷன் பெறுபவை. அவற்றை விட்டுவிட்டு, சோதனைச்சாலைகளின் அறிக்கைகளுக்கு நேரே போங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரேட்டிவ்ஸ், பிரிட்டனின் எஸ்இ லேப்ஸ் ஆகிய மூன்றும் தங்கள் முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன.

ஏவி-டெஸ்ட் மூன்று பிரிவுகளில் தலா 6 என்று 18-க்கு மதிப்பெண் போடும்: பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை. இதில் மூன்றாவது பிரிவின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். திரை அழகாக இருக்கிறதா என்பதைப் பற்றியது அல்ல அது. நல்ல ஃபைலையும் நல்ல தளத்தையும் தவறாக வைரஸ் என்று எத்தனை முறை சொன்னது என்ற கணக்கு. பொய் அலாரம் என்று அதைச் சொல்லலாம். ஏவி-கம்பாரேட்டிவ்ஸும் பொய் அலாரத்தைத் தனியாக எண்ணிக் காட்டும்.

நான் அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் போவது இந்தப் பத்திக்குத்தான். பாதுகாப்புப் பத்தியில் முன்னணியில் இருப்பவர்கள் எல்லோரும் 99 சதவீதத்தை ஒட்டி நிற்பார்கள். 99.3-க்கும் 99.7-க்கும் இடையே அடுத்த மாதமே இடம் மாறிவிடும். அதை வைத்து முடிவு எடுக்க முடியாது. பொய் அலாரத்திலோ ஒன்று இரண்டு தடவை தவறியிருக்கும், இன்னொன்று பல மடங்கு தவறியிருக்கும். அந்த இரண்டாவது உங்கள் வீட்டில் இருந்தால் ஆறு மாதத்தில் யாராவது ஒருவர் அதை அணைத்து வைத்திருப்பார். எல்லா வைரஸையும் தவறே இல்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் சாத்தியமே இல்லை என்று 1980-களிலேயே ஃப்ரெட் கோஹன் என்ற ஆய்வாளர் கணித ரீதியாக நிரூபித்துவிட்டார். "100 சதவீதப் பாதுகாப்பு" என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தால் அது விற்பனைப் பேச்சு.

ஒரே ஒரு அறிக்கையை நம்பாமல் கடைசி நான்கைந்து அறிக்கைகளைத் திறந்து, உங்கள் மனதில் இருக்கும் இரண்டு மூன்று பெயர்களை மட்டும் தொடர்ந்து பாருங்கள். எப்போதும் நன்றாக இருக்கும் பெயர்தான் வேண்டும்; ஒரு தடவை முதலிடம் வந்தது முக்கியமில்லை.

இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் வீடு என்றால் இன்னொரு பத்தியும் உங்களுக்காக இருக்கிறது. இன்றைய ஆன்டிவைரஸ்கள் சந்தேகமான ஃபைலைப் பற்றித் தங்கள் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டுத்தான் பல முடிவுகளை எடுக்கின்றன. இணையம் இல்லையென்றால் அந்த உதவி கிடையாது. ஏவி-கம்பாரேட்டிவ்ஸின் மால்வேர் பாதுகாப்புச் சோதனையில், இணையம் இருக்கும்போது எவ்வளவு, இல்லாதபோது எவ்வளவு பிடித்தது என்று தனித்தனியே இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி உள்ளவற்றைப் பென்டிரைவ் புழங்கும் வீட்டில் தவிர்த்துவிடலாம். டிஃபெண்டர் சறுக்குகிற இடமும் இதுதான்.

கணினி பழையது என்றால் வேகச் சோதனையையும் பாருங்கள். ஃபைல் நகலெடுப்பது, மென்பொருள் திறப்பது போன்றவற்றில் ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதம் கொடுக்கிறது என்று அதில் தெரியும்.

படி 5: மென்பொருளை விட்டு நிறுவனத்தைப் பாருங்கள்

ஆன்டிவைரஸ் என்பது நீங்கள் திறக்கும் எல்லா ஃபைலையும், போகும் எல்லாத் தளத்தையும் பார்க்க அனுமதி பெற்ற மென்பொருள். வீட்டுச் சாவியையே கொடுக்கிறோம். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய நடமாட்டத் தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றது 2020 ஜனவரியில் செய்தியானது. அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இலவசம் என்பதாலேயே எதுவும் கெட்டதல்ல. ஆனால் இலவசமாகக் கொடுப்பவருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று தேடிப் பார்ப்பது நம் வேலை. இன்ஸ்டால் செய்தவுடன் 'பிரைவசி' பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக்குத் தகவல் பகிரும் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வசிக்கும் நாட்டில் அந்த நிறுவனத்தின் அப்டேட் தடையின்றி வருமா என்று பாருங்கள். அமெரிக்கா 2024 ஜூனில் கேஸ்பர்ஸ்கி என்ற ரஷ்ய ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட் கொடுக்கவும் அதற்கு அனுமதி இல்லை. அப்டேட் நின்றுபோன ஆன்டிவைரஸ் சில வாரங்களிலேயே பார்வை மங்கிய காவலாளி ஆகிவிடும். பல பெயர்களுக்குப் பின்னால் ஒரே நிறுவனம் இருப்பதும் தெரிந்திருக்கட்டும். நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

அப்புறம் பணம். முதல் வருட விலை பாதி அளவுக்குக் குறைந்திருக்கும்; இரண்டாம் வருடம் முழு விலை கார்டிலிருந்து தானாகப் போகும். விலையை ஒப்பிடும்போது இரண்டாம் வருட விலையைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை ஆஃப் செய்து, முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், கணினியை வேகமாக்கும் கருவி என்று மூட்டை கட்டித் தருவார்கள். இதில் குழந்தைகளுக்கான கட்டுப்பாட்டு வசதி மட்டும் தேவைப்படுபவர்களுக்கு விலைக்கு உரிய பயன் தரும். 'வேகமாக்கும்' கருவிகளுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

படி 6: பழையதை நீக்கி, புதியதைப் போட்டு, சோதித்துப் பாருங்கள்

பழைய ஆன்டிவைரஸைச் சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தாலும் அதன் வேர்கள் மிச்சம் இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் தயாரிப்பை முழுசாகப் பிடுங்க ஒரு நீக்கும் கருவியைத் தங்கள் தளத்திலேயே தருகின்றன. அதை ஓட்டி, கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகே புதியதைப் போடுங்கள். புதியதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது நல்லது. இன்ஸ்டால் ஆகும்போது பிரவுசர் எக்ஸ்டென்ஷன், தேடுபொறி மாற்றம் என்று எதையாவது சேர்க்கட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

காவலாளி விழித்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு பாதுகாப்பான வழி இருக்கிறது. ஐகார் என்ற அமைப்பு இதற்கென்றே ஒரு சோதனை ஃபைலை அதன் தளத்தில் வைத்திருக்கிறது. அது 68 எழுத்துகள் கொண்ட சின்ன ஃபைல். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைப் பார்த்தால் வைரஸைப் பார்த்த மாதிரியே நடந்துகொள்ள வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை இறக்கிப் பாருங்கள். இறங்கும்போதே தடுக்க வேண்டும், அல்லது சேமித்த அடுத்த நொடி ஃபைல் காணாமல் போய் எச்சரிக்கை வர வேண்டும். எதுவுமே நடக்காமல் ஃபைல் டெஸ்க்டாப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் பாதுகாப்பு ஓடவில்லை. இந்தச் சோதனையில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று காட்டிவிடலாம். நான் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் காட்டினேன். "அன்றைக்கு வந்தது இப்படி இல்லையே" என்று அக்காவே சொன்னார்.

காசு கொடுப்பதற்கு முன் இலவசச் சோதனைக் காலத்தில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். கணினி ஆன் ஆகும் நேரத்தை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை பெட்டி வந்தது, அதில் எத்தனை விளம்பரம் என்று ஒரு சின்னக் கணக்கு வையுங்கள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் விளம்பரம் வந்தால், அதை செட்டிங்ஸில் நிறுத்தவும் வழி இல்லையென்றால், அதை வாங்காதீர்கள்.

ஆன்டிவைரஸால் முடியாத இடங்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்று வீட்டுக் கணினிகளுக்குள் வரும் தொல்லைகளில் நிறைய, நாமே கதவைத் திறந்து விடுவதால் வருபவை.

சமீப காலத்தில் பரவியிருக்கும் ஒரு தந்திரத்தைச் சொல்கிறேன். ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். "நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்யுங்கள்" என்று வழக்கமான ஒரு கட்டம் வருகிறது. அழுத்தியதும், "விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல், வி, கடைசியில் என்டர்" என்கிறது. நீங்கள் கட்டத்தை அழுத்திய அந்த நொடியிலேயே ஒரு கட்டளை உங்கள் கிளிப்போர்டில் ஏறிவிட்டது. அடுத்த மூன்று அசைவுகளில் அதை நீங்களே உங்கள் கையால் கணினிக்குக் கொடுக்கிறீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் சில நொடிகளில் வெளியே போய்விடும். எந்த உண்மையான தளமும் மனிதரா என்று பார்க்க விண்டோஸ் கீயை அழுத்தச் சொல்லாது. இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாகத் தரும் 'கிராக்'. பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலாக வரும். பாஸ்வேர்டு அதே பக்கத்தில் எழுதியிருக்கும். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது என்பதே அந்தப் பூட்டுக்குக் காரணம். "இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று ஒரு குறிப்பும் இருக்கும். அப்படிக் கேட்கும் எதையும் அங்கேயே அழித்துவிடுங்கள்.

படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வெளியே ஒரு பிரதி இருக்கட்டும். நகலெடுத்து முடித்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

எச்சரிக்கை வந்தால்

பதறாமல், பெட்டி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிரவுசரின் பெயரோ ஒரு தள முகவரியோ அதில் இருந்தால் அது நோட்டிஃபிகேஷன். பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். தொலைபேசி எண் கொடுத்து உடனே கூப்பிடச் சொன்னால் மோசடி. சந்தேகம் தீரவில்லையா, பெட்டியைத் தொடாமல் ஸ்டார்ட் மெனு வழியாக உங்கள் ஆன்டிவைரஸை நீங்களே திறந்து, அதன் பதிவேட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான எச்சரிக்கை என்றால் அது ஃபைலைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கும். உடனே அழிக்க அவசரம் இல்லை, திருப்பி எடுக்கவும் அவசரம் இல்லை. நல்ல ஃபைல்தான் என்று நினைத்தால், எங்கிருந்து இறக்கினீர்களோ அந்த இணைப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் கொடுத்துப் பாருங்கள். பல நிறுவனங்களின் கருத்து ஒரே திரையில் வரும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் சந்தேகப்பட்டால் பெரும்பாலும் பொய் அலாரம். இருபது முப்பது சொன்னால் கையை வைக்காதீர்கள். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம். ஏற்றியது அதன் கூட்டாளி நிறுவனங்களுக்கும் கிடைக்கும்.

ஏதோ ஓடிவிட்டது என்று தெரிந்தால் முதலில் வை-ஃபையைத் துண்டியுங்கள். டிஃபெண்டரின் ஸ்கேன் வகைகளில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று உண்டு. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு சாதனத்தை எடுத்து, மின்னஞ்சலில் தொடங்கி, அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்று பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். திருட்டு மென்பொருள் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள பிரவுசர் சேமிக்கும் சின்னக் குறிப்பான குக்கீயையும் எடுத்துக்கொண்டு போகும். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அதை வைத்து உள்ளே வரலாம். அந்தப் பொத்தான்தான் அதைச் செல்லாததாக்கும்.